நாற்காலிக்குக் கீழே நாய்க்குட்டி

ஏனுங்க, காலைச் சித்த அக்கட்டால வெச்சுக்குங்க. சீட்டுக்குக் கீழ என்ற பை இருக்குது. மஞ்சப் பைதான். அதுல ஒண்ணும் பெருசா இல்லீங்க. ஒரு மாத்துச் சீலை, சீப்பு, மாத்திரை டப்பா, அப்பறம்... ஒண்ணுமில்லீங்க. நீங்க ஈரோட்லதான ஏறுனீங்க? நாங்க திருப்பூருங்க. மெட்ராசுக்குத்தான் போறம். எள்ளு முறுக்கு எடுத்துக்குங்க. நாஞ் சுட்டதுதான். அவ தொடக்கூட மாட்டா.

அவதானுங்க. மூணு வரிசைக்கு முன்னால, சன்னலோரம், பச்சைச் சுடிதாரு. காதுல ஒயர மாட்டிக்கிட்டு வாய முணுமுணுன்னு அசைச்சுட்டு உக்காந்திருக்கறா பாருங்க, அவ என்ற மருமவ. பிருந்தான்னு பேரு. சஷ்டி கவசம் சொல்றான்னு நெனச்சுப்போடாதீங்க. சீன பாசை படிக்கறா. நாளைக்குப் பரிச்சை.

சிரிக்காதீங்க. நெசமாத்தான் சொல்றேன். இவ ஒரு பனியன் கம்பெனி ஆபீசுல வேலைக்குப் போறா. அங்க இருக்கற மிசினெல்லாம் சீனாவுல இருந்து வர்றது. அங்கயே ஒரு ஆபீசு போடறாங்களாம். ஆராவது ஒருத்தரு ரெண்டு வருசம் அங்க போயி இருக்கோணுமாம். ஆனா அவங்க பாசையில மூணாவது லெவல் பாஸ் பண்ணுனாத்தான் அனுப்புவாங்களாம். அறுநூறு வார்த்தை தெரியோணும். முந்நூறுக்கு நூத்தியெம்பது எடுக்கோணும். இவ கையத் தூக்கிட்டா. என்ற பையன் பூபதி இருக்கறானே, அவன் தையல் யூனிட்டக் கூட்டாளி கையில குடுத்துட்டு இவ பின்னாடியே போறேன்னு கெளம்பிட்டான். இவ பாஸானா ரெண்டு பேரும் பெட்டியக் கட்டிருவாங்க. எங்க ஊட்டுக்காரரு போயி எட்டு வருசமாச்சுங்க. பொறவு அந்த ஊட்ல ஆரு இருப்பா? நானும் பூனையும்.

அதுகூடப் போகுதுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா? பக்கத்து ஊட்டு மல்லிகா வந்து, 'ஏனக்கா, உங்க பையனும் மருமவளும் சீனாவுக்குப் போறாங்களாமா'ன்னு கேக்கறா. நான் உலையில அரிசியப் போட்டுட்டு நிக்கறேன். என்ற ஊட்டுச் சங்கதி எனக்கு மல்லிகா சொல்லித் தெரியோணுமா? சொல்லுங்க. அன்னிக்கு நிறுத்துனதுதானுங்க பேச்ச. நாலு மாசமாச்சு. அவளும் எங்கிட்டப் பேசறதில்ல, நானும் அவகிட்டப் பேசறதில்ல.

எனக்கு ஜாடை பேசற பழக்கமெல்லாம் கெடையாதுங்க. சில பேரு ஊட்ல பாத்திருப்பீங்க, மாமியாக்காரி அம்மியத் திட்டுவா, மருமவக்காரி விளக்குமாத்தத் திட்டுவா, ரெண்டும் போயிச் சேர வேண்டிய எடத்துக்குப் போயிச் சேந்துரும். அந்த மாதிரி ஈனப் பழக்கம் எனக்கு இல்லவே இல்ல. மனசுல பட்டத எங்க ஊட்டுப் பூனை வெள்ளச்சிகிட்டச் சொல்லிப்போடுவேன், அவ்வளவுதான். 'ஏன்டி வெள்ளச்சி, சோறு போட்டவள உட்டுட்டு நீயும் எங்கயாச்சும் ஓடிப் போயிரு'ன்னு சொல்லுவேன். பூனைகிட்டச் சொன்னேன். பக்கத்துல இவ நின்னா அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?

முதல் ஒரு வாரம் பேசாமத்தான் கெடந்தா. அப்பறம் ஒரு நா காலைல, நான் அடுப்புல டீயப் போட்டுட்டு என்ற சேர்ல உக்காந்திருக்கறேன். சமையக்கட்டுல எனக்குன்னு ஒரு சேரு, முட்டி வலிக்குப் பூபதி வாங்கிப் போட்டது. இவ போன அலமாரி மேல வெச்சுட்டு வெங்காயம் அரியறா. போன்ல ஒரு பொம்பளை பேசறா. ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவை சொல்றா. இவளும் பின்னாடியே சத்தம் போட்டுச் சொல்றா. சொல்ற மொறை இருக்குதே, அடேயப்பா! வெடுக்கு வெடுக்குன்னு, கோழிய வெரட்டற மாதிரி. அந்தப் பாசையில அப்படி ஒரு டோனு இருக்குதுங்க. மொத்தம் நாலு. ஒண்ணு, டாக்டர் வாயத் தெறக்கச் சொன்னா ஆன்னு நேரா இழுக்கறமில்ல, அது. ரெண்டு, காது கேக்காம ஆங்ன்னு மேல தூக்கிக் கேக்கறது. மூணு, நகை காணாமப் போச்சுன்னு சொன்னா அடக்கடவுளேன்னு எறங்கி ஏறறது. நாலு, வெடுக்குன்னு திட்டறது. எனக்கு ஒரு எழுவும் தெரியாதுங்க. காதுல உழுந்தது.

அந்த வெடுக்குல ஒரு வார்த்தை மட்டும் என்ற காதுல பட்டுது. 'சா'. மலையாளத்துக்காரங்க சாயான்னு சொல்லுவாங்களே, அதே சா. நான் டீ போட்டுட்டு உக்காந்திருக்கறேன், இவ என்னையப் பாக்காம வெங்காயத்தப் பாத்து என்னமோ சா, என்னமோ சான்னு சொல்றா. அதும் ரெண்டு தடவை! எனக்குச் சொரேர்னு ஏறிருச்சு. ஓகோ, இப்படியா சங்கதி. நான் தமிழ்ல பூனைகிட்டச் சொன்னா, நீ சீனத்துல வெங்காயத்துகிட்டச் சொல்றயா?

பூபதிகிட்டப் போயி, 'தம்பி, தெலுங்கு சீரியல் பாக்கோணும், பாசை மாத்திச் சொல்ற ஆப்பு ஒண்ணு இருக்குதாமே, என்ற போன்ல போட்டுக் குடு'ன்னு கேட்டேன். அவன் ஒண்ணும் கேக்காமப் போட்டுக் குடுத்தான். நல்ல பையன்தானுங்க, என்ன இருந்தாலும். அடுத்த நா, கொத்தமல்லி ஆயற மாதிரி போனத் தட்டத்துக்குள்ள வெச்சுட்டு உக்காந்துட்டேன். அது பாட்டுக்குத் தமிழ்ல எழுதிக் காட்டுது. என்ன எழுதுச்சுங்கறீங்க? 'நான் தேநீர் குடிக்க விரும்புவதில்லை.'

பாத்தீங்களா! எப்படி இருக்கும் சொல்லுங்க. கல்யாணமாயி வந்த நாள்ல இருந்து மூணு வருசம் நான் போட்ட டீயக் குடிச்சவ. அப்ப வாயத் தெறந்தாளா? இப்பச் சீனத்துல சொல்றா.

அதோட உட்டுதா? அடுத்தது, 'இந்தப் பழம் பெரிதாக உள்ளது, ஆனால் சுவையாக இல்லை.' ஆரச் சொல்றா? நான் கொஞ்சம் பூசுன ஒடம்புதான், ஒத்துக்கறேன். அப்பறம், 'அவர் ஒவ்வொரு நாளும் மதியம் தூங்குகிறார்.' நான் தூங்கறதில்லீங்க, சும்மா கண்ண மூடிட்டுப் படுத்திருப்பேன். அதுக்கும் மேல ஒண்ணு வந்துதுங்க. இன்னிக்கும் நெனச்சா வவுறு எரியுது. 'நாய்க்குட்டி நாற்காலிக்குக் கீழே உள்ளது.' நாற்காலியில உக்காந்திருக்கறது ஆரு? ஊட்ல நாயே இல்லீங்க! நாங்க வளக்கறது பூனை! அப்ப நாயின்னு ஆரச் சொல்றா?

நீங்க என்னமோ சொல்றீங்க, அது பரிச்சைப் பாடமா இருக்கும்னு. பரிச்சைப் பாடந்தான். அதும் முதல் லெவல் பாடம், இவ எப்பவோ தாண்டி வந்தது. அத எதுக்கு அன்னிக்கு எடுத்து வெச்சுச் சொல்றா? பழைய பாடத்தத் திருப்பிப் பாத்தாளாம். பூபதி சொல்றான். அவன் கெடக்கறான்.

சரி, இதுக்கு நான் என்ன பண்ணோணும்? வாய மூடிட்டு இருந்தா என்ற பேரு பாவாத்தாளா? ரெண்டு வாரம் கொத்தமல்லிய வெச்சுட்டு உக்காந்தேன். எங்க ஊட்ல அந்த மாசம் எல்லாத்துலயும் கொத்தமல்லிதான். அப்பறம் ஒரு நா காலைல அவ மறுக்கா, 'எனக்கு டீ பிடிக்காது'ன்னு வெடுக்குன்னு சொன்னா. நான் வெள்ளச்சியத் தடவிக்கிட்டே சொன்னேன், 'பூ ஹ சா, ஜியூ பூ ஹ!' குடிக்காட்டிப் போடின்னு அர்த்தம். டி அதுல கெடையாது, நானாச் சேத்து நெனச்சுக்கிட்டேன்.

அவ கரண்டியக் கீழ போட்டுட்டாங்க! சாம்பாரு செவுத்துல தெறிச்சுது. திரும்பி என்னையப் பாத்தா, நான் பூனையப் பாத்தேன். அன்னிக்குத் துடைச்ச செவுரு இன்னும் மஞ்சளாத்தான் இருக்குது.

அதுல இருந்து சண்டை சீனத்துக்கு மாறிருச்சுங்க. அவ சன்னலப் பாத்து ஒண்ணு சொல்லுவா, நான் பூனையப் பாத்து ஒண்ணு சொல்லுவேன். அவ, 'இன்னிக்கு வெயில் அதிகம்'பா. நான், 'வீட்டுக்குள்ள இருந்தா வெயில் தெரியாது'ன்னு சொல்லுவேன். அவ, 'பக்கத்து வீட்டுக்காரங்க நல்லவங்க'ம்பா. நான், 'அப்ப அங்கயே போயிச் சாப்பிடலாம்'னு சொல்லுவேன். பூபதி நடுவால உக்காந்து தோசைய முழுங்கிக்கிட்டே, 'ரெண்டு பேரும் இப்படிச் சந்தோசமாப் பேசிக்கறதப் பாக்க எனக்கு எவ்வளவு நிம்மதியா இருக்குது தெரியுமாம்மா'ங்கறான். அவங்கப்பனும் இப்படித்தானுங்க, தலைக்கு மேல போனாலும் ஒண்ணும் தெரியாது.

இன்னொரு கூத்தக் கேளுங்க. ஊடு பூராச் சீட்டு எழுதி ஒட்டிப்போட்டா. கதவுல கதவுன்னு, பிரிட்ஜுல பிரிட்ஜுன்னு, என்ற சேர்ல சேருன்னு. எல்லாம் சீன எழுத்து. எழுத்தா அது? கோலப்பொடி டப்பாவத் தவற உட்ட மாதிரி இருக்கும். நான் சும்மா உடுவனா? மத்தியானம் அவ ஆபீசுல இருக்கறப்போ எல்லாத்தயும் பிச்சு மாத்தி ஒட்டிப்போடுவேன். அரிசி டப்பாச் சீட்டக் கதவுல, கதவுச் சீட்டக் கண்ணாடியில. பொழுதோட வந்து பாத்துட்டு, முணுமுணுன்னு படிச்சுட்டு, எல்லாத்தயும் எடுத்துப் பழையபடி ஒட்டுவா. மறுநா நான் மாத்துவேன். இப்படி ஒன்றரை மாசம். சும்மா மாத்தி ஒட்டுனா அவளுக்கு வெளங்கிருமில்லீங்க? கொழப்பற மாதிரி ஒட்டோணும். கண்ணாடிக்கும் சன்னலுக்கும், தட்டுக்கும் கிண்ணத்துக்கும். அப்படி ஒட்டோணும்னா எது எதுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கோணும். அதுக்கோசரம் கொஞ்சம் பாத்து வெச்சுக்கிட்டேன். ஒரு இருநூறு இருக்கும். படிக்கறதுன்னெல்லாம் சொல்லக் கூடாது.

சேலம் போயி நெம்ப நேரமாச்சுங்களா? இருக்கும். பழமை பேசுனா நேரம் போறதே தெரியறதில்ல.

அப்பறம் இந்த வாங் டீச்சரு. இவளுக்கு ஞாயித்துக்கெழமை வீடியோவுல சொல்லிக் குடுக்கற பொம்பளை. சீனாக்காரிதான். ஒரு நா நான் பின்னால துணி எடுத்துட்டுப் போறேன், அந்தம்மா என்னையப் பாத்துட்டு என்னமோ கேட்டுது. போனெல்லாம் வேண்டியதில்ல, எனக்கே வெளங்கிருச்சு. சாப்புட்டாச்சான்னு கேக்குது! பாருங்க, எங்கயோ இருக்கறவ, பாத்ததும் முதல் கேள்வி சாப்புட்டாச்சான்னுதான். நம்மூருக்காரி மாதிரியே. நானும், 'ஆச்சு, நீங்க?'ன்னு அவங்க பாசையிலயே கேட்டேன். அந்தம்மா கையத் தட்டிச் சிரிக்குது. இவகிட்ட என்னமோ சொல்லுச்சு. இவ மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்பறம் ஆப்புல போட்டுப் பாத்தேன். 'உங்கள் மாமியாரின் உச்சரிப்பு மிகவும் இயல்பாக உள்ளது.' எனக்கு அதெல்லாம் பெருமை இல்லீங்க. மல்லிகாகிட்ட மட்டும் சொன்னேன். அப்பறம் ரேசன் கடையில.

அந்த வாரம்தானுங்க அது நடந்துது. மாதிரிப் பரிச்சைன்னு ஒண்ணு போன்லயே எழுதறாங்க. இவ எழுதுனா, நூத்தி முப்பத்தி ரெண்டு. மறுக்கா எழுதுனா, நூத்தி நாப்பது. படிக்கறது வருதாம், எழுதறது வருதாம், காதுல கேட்டுச் சொல்றதுதான் வர மாட்டீங்குதாம். நான் கொல்லைப் பக்கம் போறேன், துணி துவைக்கற கல்லு மேல உக்காந்து அழுவறா. குழாயத் தெறந்து உட்டுட்டு அழுவறா, எனக்குக் கேக்கக் கூடாதாம். ஒரு பக்கெட்டுத் தண்ணி வீணாப் போச்சு.

எனக்குச் சந்தோசமா இருந்திருக்கோணுமில்லீங்க? பெயிலாயிட்டா இங்கயே கெடப்பா. அதான எனக்கு வேணும்? ஆனா பாருங்க, அந்த அழுவைய என்னால கேட்டுட்டு நிக்க முடியல. கோவம் வந்துருச்சு. இத்தன நாளு எங்கிட்ட மல்லுக் கட்டுனவ, ஒரு போன்ல பேசற பொம்பளைகிட்டத் தோத்துட்டு வந்து உக்காந்து அழுவறாளே, என்ற மானம் என்ன ஆவறது?

நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலீங்க. சத்தியமா இல்ல. விசாரிச்சேன். மாமியாக்காரின்னா விசாரிக்கத்தான செய்வா? வெள்ளச்சிய மடியில வெச்சுட்டுக் கேப்பேன், நிறுத்தி, ரெண்டு ரெண்டு தடவை. எங்க போயிட்டு வந்தே? ஆருகூடப் போனே? ஏன் இத்தன நேரம்? அந்தச் சட்டை என்ன வெலை? போன மாசம் வாங்குனது எங்க? உங்க அம்மா எப்ப வர்றாங்க? எத்தன நா இருப்பாங்க? எல்லாம் சீனத்துலதான். அவ காயரிஞ்சுக்கிட்டே சன்னலுக்குப் பதில் சொல்லுவா. தப்பாச் சொன்னா நான் பூனையத் தலையில தட்டுவேன். மறுக்கா சொல்லுவா. நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, அந்தப் பரிச்சையில கேக்கறதெல்லாம் மாமியாக்காரி கேக்கற கேள்விதானுங்க. வேற ஒண்ணுமே இல்ல. எங்க போனே, எப்ப வந்தே, என்ன தின்னே, எவ்வளவு குடுத்தே. எவளோ ஒரு மாமியாக்காரிதான் உக்காந்து கேள்வித்தாள் எழுதியிருக்கோணும்.

அடுத்த மாதிரிப் பரிச்சையில நூத்தி எழுவது. போன வாரம் இருநூத்தி நாலு. பூபதி அவளக் கையப் புடிச்சுட்டுக் குதிக்கறான். நான் போயிப் படுத்துட்டேன். மத்தியானம் தூங்கறவதான நானு.

அன்னிக்குத்தான் எனக்கு ஒறைச்சுதுங்க. இவ பாஸாயிருவா. போயிருவா.

ரெண்டு வருசம். வெளக்கு வெச்சுட்டு உக்காந்தா எதுத்தாப்புல ஆரு இருப்பா? பேசாம இருக்கறதுக்குக்கூட ஒரு ஆளு வேணுமில்லீங்க? நான் ஆருகிட்டச் சண்டை போடுவேன்? மல்லிகாகிட்டவா? அவளுக்குத் தமிழே நாலு வார்த்தைக்கு மேல வராது.

இன்னிக்குக் காலைல அஞ்சரைக்கு ஆட்டோ வந்திருச்சு. பூபதிக்கு ஏத்துமதிச் சரக்கு போகோணும், வர முடியாது. பொம்பளப் புள்ளையத் தனியா அனுப்பறதான்னு நான்தான் கெளம்பிட்டேன். அவ பைய எடுத்துட்டு முன்னால போயிட்டா. நான் சாமி வெளக்க அமத்திட்டு வரலாம்னு உள்ள போனேன். பிரிட்ஜு மேல இருக்குதுங்க அவ பாஸ்போட்டு. ராத்திரி நம்பரப் பாத்து எழுதிட்டு மறந்து வெச்சுட்டுப் போயிட்டா. அது இல்லாட்டி பரிச்சை எழுதற எடத்துல உள்ளயே உட மாட்டாங்களாம். அவளே பூபதிகிட்டப் படிச்சுக் காட்டுனா, நான் கேட்டுட்டுதான் இருந்தேன்.

எடுத்தேன். என்ற பைக்குள்ள போட்டேன். பத்தரமா இருக்கட்டும்னுதான்.

எதுக்கு அப்படிப் பாக்கறீங்க? அவகிட்டக் குடுத்திருக்கலாமேங்கறீங்க. பேச்சு வார்த்தை இல்லீங்களே, எப்படிக் குடுக்கறது? அங்கயே உட்டுட்டு வந்திருக்கலாமேங்கறீங்களா? அங்கயே கெடந்தா பூபதி பாத்துட்டு அடுத்த ரயிலப் புடிச்சுக் கொண்டாந்து குடுத்திருப்பான். அதான் எடுத்து... இல்லீங்க, அதுக்காக எடுக்கல. பத்தரத்துக்குத்தான் எடுத்தேன். பத்தரத்துக்குத்தான்னு சொல்றேனில்ல! உங்க காலு மறுக்கா என்ற பை மேல படுது பாருங்க. தள்ளி வைங்க.

ஜோலார்பேட்டை தாண்டிருச்சா? அங்க பாருங்க. பைய எடுத்து மடியில வெச்சுட்டா. தேடறா. பெரிய ஜிப்பு, சின்ன ஜிப்பு, சைடு ஜிப்பு. தண்ணி பாட்டில எடுத்து வெச்சாச்சு. பென்சில் டப்பா வந்திருச்சு. துணியக் கொட்டறா. எந்திரிச்சு நின்னுட்டா. போன் போடறா பாருங்க, பூபதிக்குத்தான் போடறா. பாவம், அவன் இந்நேரம் பிரிட்ஜு மேல, கட்டலுக்குக் கீழ, பீரோவுக்குள்ளன்னு தேடிட்டு இருப்பான். அவனுக்குக் கண்ணு முன்னால இருந்தாலே தெரியாது, இல்லாதத எங்கிருந்து எடுப்பான்?

உக்காந்துட்டா. அழுவறா. காலைல ஒரு இட்லிதானுங்க தின்னா, பதட்டத்துல. நானும் பாத்துட்டுதான் இருந்தேன்.

நீங்க சும்மா இருங்க. எனக்குத் தெரியும். குடுக்கோணும்னா குடுத்துக்கறேன், காட்பாடி வரட்டும். உங்களுக்கென்ன, நீங்கதான சொன்னீங்க, உங்க மருமவ உள்ளூருல இருக்கறா. சண்டை போட்டுட்டுப் போயி மதியச் சோத்துக்கு வந்துருவா.

அய்யய்யோ, வர்றா. இக்கட்டாலதான் வர்றா. முறுக்கத் தின்னுங்க. என்னையப் பாக்காதீங்க, வெளிய பாருங்க.

...

கேட்டீங்களா? உங்களுக்கு எங்க வெளங்கியிருக்கும். சன்னலப் பாத்துட்டுச் சீனத்துலதான் சொன்னா. ஆனா அது சன்னலுக்குச் சொன்னதில்லீங்க. என்ன சொன்னான்னா, 'நாளைக்குப் பரிச்சை இல்லை. நாம வீட்டுக்குப் போகலாம். இனிமேல் நான் தினமும் டீ குடிக்கிறேன்.'

டீ குடிக்கறாளாங்க. இவ டீ குடிக்கறா! பாருங்க நிக்கறத, கம்பியப் புடிச்சுட்டு. மூக்கு செவந்து போச்சு. இவளுக்குச் சுட்டுப் போட்டாலும் டீ புடிக்காது, மூணு வருசம் எனக்கோசரம் முழுங்கியிருக்கறா, அது எனக்கு நாலு மாசமாத் தெரியும். இப்ப மறுக்கா முழுங்கறேங்கறா. எனக்கு அந்த டீயத்தான் வெச்சுக் குடுக்கோணுமா? தெனமும் காலைல இந்த மூஞ்சியப் பாத்துட்டு? வாயத் தெறந்து எங்கிட்டச் சண்டைக்கு வர்றவதானுங்க எனக்கு வேணும். இப்படித் தலையக் குனிஞ்சுட்டு டம்ளரத் தூக்கறவ எனக்கு எதுக்கு? எனக்கு அழுவையா வருது, சனியன்.

சித்த இருங்க. இந்த முறுக்கு டப்பாகிட்ட ஒண்ணு சொல்லோணும்.

ஷியாவ் கோவ் ட்ஸாய் யீஸ ஷியா மியென்.

முழிக்கறா பாருங்க. பரிச்சையில ரெண்டு தடவை சொல்லுவாங்க. நிதானமாச் சொல்றேன். ஷியாவ் கோவ். ட்ஸாய் யீஸ. ஷியா மியென்.

நாய்க்குட்டி நாற்காலிக்குக் கீழே உள்ளது. உங்க காலைத் தூக்குங்க, தூக்குங்க, அவ குனியறா. மஞ்சப் பைய இழுத்துட்டா. சீலைக்கு அடியில பாருடி... பாத்துட்டா. எடுத்துட்டா. நெஞ்சோட வெச்சுக்கறா. பைக்குள்ள ரெண்டு பென்சில் இருக்குது, நான் சீவி வெச்சதுதான், அதயும் எடுத்துக்கச் சொல்லுங்க. எழுதறப்போ மொனை ஒடிஞ்சு போச்சுன்னா என்ன பண்ணுவா?

கண்ணத் தொடைச்சுட்டு என்னையவே பாக்கறா. நேரா என்னைய. ஏனுங்க, என்னமோ சொல்ல வாயத் தெறக்கறா...

கேட்டீங்களா? இத உங்களுக்கு நான் மாத்திச் சொல்ல வேண்டியதில்ல, தமிழ்லதான் சொன்னா. 'அத்தை, நாய்க்கு டோன் தப்பு. எறங்கி ஏறோணும். நீங்க வெடுக்குன்னு சொல்லீட்டீங்க.'

பாத்தீங்களா இவ புத்திய! நாலு மாசம் கழிச்சு அத்தைன்னு கூப்புடறா, கூப்புட்ட வாயோடயே தப்புக் கண்டுபுடிக்கறா. நான் வெடுக்குன்னு சொன்னனா? நீங்கதான் சாட்சி. இவகிட்டத்தான் அந்த டோனே நான் படிச்சேன்!

ஏனுங்க, ஒண்ணு பண்ணுங்க. அவ சீட்டு அங்க காலியாத்தான் கெடக்குது, சன்னலோரம், நல்லாக் காத்து வரும். நீங்க அங்க போயி உக்காந்துக்குங்க. கோவிச்சுக்காதீங்க, முறுக்கு டப்பாவயும் எடுத்துட்டுப் போங்க. அரக்கோணம் வர்றதுக்குள்ள நான் இவள நாப்பது கேள்வி கேக்கோணும்.

உக்காரு அம்மிணி. எங்க போயிட்டு வந்தே? ஆருகூடப் போனே?